சுமப்பவளின் சொல்

முதல் டிராகனைக் கொன்றுவிட்டு வைட்ரன் நகரத்துக்குத் திரும்பினால், அந்நகரின் தலைவர் பால்க்ரூஃப் ஆடுபவருக்கு ஒரு பட்டமும் கோடரியும் தருகிறார். மெய்க்காவலுக்கென்று ஒரு பெண்ணையும் கூட அனுப்பிவைக்கிறார். பெயர் லிடியா. எஃகுக் கவசம் அணிந்து, அரண்மனைக் கூடத்தில் காத்து நிற்பாள். 2011 நவம்பரில் பெதஸ்டா வெளியிட்ட ஸ்கைரிம் விளையாட்டை ஆடியவர்களில் அவளை மறந்தவர்கள் அரிது. இத்தனைக்கும் அவளுக்கென்று அதில் கதை ஏதும் கிடையாது. எந்த ஊர்க்காரி, யார் மகள், யாரோடு பகை என்று ஒரு வார்த்தை இல்லை. மற்றத் துணைப்பாத்திரங்கள் சிலருக்கு வாய்க்கும் சொந்தத் தேடல்கூட அவளுக்கு எழுதப்படவில்லை. அவள் நினைவில் நிற்பது ஒரே காரணத்தால்தான். அவள் சுமக்கிறாள்.

மெய்க்காவல் என்பது பெயரளவுக்கு. நடைமுறை வேறு. ஸ்கைரிமில் ஆட்டத்தைத் தொடங்கும்போது ஒருவர் சுமக்கக்கூடிய எடை 300. நிலை உயரும்போது உடல்திறனைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு தடவையும் 5 கூடும். ஒரு டிராகன் எலும்பின் எடை 15, செதிலின் எடை 10. கவசம், ஆயுதம், மருந்துக் குப்பிகள் எல்லாம் ஏற்கெனவே முதுகில் இருக்க, இரண்டு டிராகன்களை வீழ்த்தினால் போதும், அளவு தாண்டிவிடும். தாண்டியதும் ஓட முடியாது. ஊர்விட்டு ஊர் சட்டென்று தாவும் வசதியும் நின்றுபோகும். அப்போது லிடியாவின் பக்கம் திரும்பி, பண்டமாற்றுப் பட்டியலைத் திறக்கிறோம். எலும்புகள், இருகை வாள்கள், பாழடைந்த நிலவறைகளில் பொறுக்கிய உலோகத் துண்டுகள், என்றாவது உதவும் என்று எடுத்துவைத்த பாலாடைக்கட்டிகள் எல்லாம் அவள் பக்கம் போகின்றன. உங்கள் சுமைகளைச் சுமப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன் என்ற பொருளில் அவள் ஒரு வாக்கியம் சொல்கிறாள். அதைச் சொல்லும் குரலில் அலுப்பு தெரியும். பதிவுக் கூடத்தில் அந்த நடிகை எப்படி நினைத்துப் பேசினாரோ, கேட்பவர் காதில் அது ஒரு பெருமூச்சாகவே விழுகிறது. உலகம் முழுக்க ஆடுபவர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். பல வருடங்கள் கழித்தும் அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. ஒரு பெரிய கற்பனை உலகத்தில், டிராகன்களும் மாயச் சொற்களும் நிறைந்த இடத்தில், உடல் என்று ஒன்று இருப்பதையும் அது அலுத்துப்போகும் என்பதையும் சொல்ல வாய்த்த ஒரே குரல் அவளுடையது என்று எனக்குப் படுகிறது.

அவளுக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் இனித் தூக்க முடியாது என்று மறுத்துவிடுவாள். ஆனால் ஆடுபவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொருளைக் கையில் கொடுக்காமல் தரையில் போட்டு, அதை எடுத்துக்கொள் என்று கட்டளையிட்டால், அளவு பார்க்காமல் எடுத்துக்கொள்வாள். நிரலில் இருந்த ஓட்டை அது. எழுதியவர்களின் கவனத்துக்குத் தப்பிய பிழையாகவே இருக்கட்டும். ஆனாலும் வேலை வாங்குகிற உலகத்தை அறிந்த எவருக்கும் அந்தத் தந்திரம் புதிதாக இருக்காது. முகத்துக்கு நேரே கேட்டால் மறுக்கக்கூடியவர், உத்தரவாக வரும்போது குனிந்து எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டில் தங்கக் காசுக்கு எடையே கிடையாது. லட்சம் காசு வைத்திருந்தாலும் ஒரு பொட்டு எடை கூடாது. எலும்பு கனக்கிறது, ரொட்டி கனக்கிறது, புத்தகம் கனக்கிறது, பணம் மட்டும் கனப்பதில்லை. லிடியா சுமந்து வந்த எலும்பைக் கடையில் விற்ற கணத்தில் அதன் கனம் மாயமாகி, ஆடுபவரின் பையில் எடையற்ற பணமாகச் சேர்ந்துவிடுகிறது. அதில் அவளுக்குப் பங்கு கிடையாது. கூலி என்ற பேச்சும் கிடையாது.

வீரனுக்குப் பின்னால் பொதி சுமந்து வருகிறவர் எப்போது கதைக்குள் நுழைந்தார் என்று தேடினால், நவீனப் புனைவின் வாசலிலேயே அவர் நிற்பதைக் காணலாம். 1605இல் வெளிவந்த டான் கிஹோத்தே நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், வீரப்பட்டம் வேண்டி விடுதிக்கு வந்திருக்கும் கிஹோத்தேயிடம் விடுதிக்காரர் கையில் காசு இருக்கிறதா என்று கேட்கிறார். ஒரு செல்லாக்காசும் இல்லை என்கிறார் கிஹோத்தே. தாம் படித்த வீரக்கதைகள் எதிலும் வீரர்கள் காசு கொண்டுபோனதாக எழுதியிருக்கவில்லையே என்பது அவர் நியாயம். விடுதிக்காரர் திருத்துகிறார். காசும் சலவை செய்த சட்டையும் அவசியம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால்தான் அந்த நூல்களை எழுதியவர்கள் அதைச் சொல்லவில்லை. காயத்துக்குப் போட களிம்பும் வேண்டும். இவற்றையெல்லாம் சுமந்து வர ஏவலாள் வேண்டும். கிஹோத்தே வீடு திரும்புகிறார். காசு, சட்டை, ஏவலாள் மூன்றையும் தேடிக்கொள்கிறார். அப்படித்தான் சாஞ்சோ பான்சா நாவலுக்குள் வருகிறான், கழுதையோடும் சேணப்பைகளோடும்.

செர்வான்டிஸ் அந்த இடத்தில் செய்திருப்பது மிகப் பெரிய காரியம். வீரக்கதைகள் எழுதாமல் விட்ட ஒரு வரியை அவர் எழுதிவிட்டார். அந்த வரி எழுதப்பட்டதும் அதிலிருந்து ஒரு மனிதன் எழுந்து வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், மாதச் சம்பளம் இவ்வளவு என்று நிர்ணயித்துத் தரும்படி சாஞ்சோ கேட்கிறான். எந்த வீரக்கதையிலும் ஏவலாளுக்குச் சம்பளம் கொடுத்ததாகப் படித்ததில்லை என்று கிஹோத்தே மறுக்கிறார். முதலில் காசு வேண்டாம் என்பதற்குச் சொன்ன அதே நியாயம், இப்போது கூலி தர முடியாது என்பதற்கும் பயன்படுகிறது. புத்தகத்தில் எழுதப்படாதது உலகத்தில் இல்லாததாகிவிடுகிறது. சுமப்பவரின் முதல் கோரிக்கையே இப்படி நூலில் இல்லை என்ற சொல்லால் தள்ளப்பட்டதை நினைக்கும்போது, சாகசக் கதைகளில் எடையை எழுதுவதா வேண்டாமா என்பது வெறும் நடைச் சிக்கலாக எனக்குத் தோன்றவில்லை.

எடையை எழுதிவைத்த கற்பனைகளில் முக்கியமானது 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் சொல்லிச் சொல்லிக் கதை வளர்க்கும் ஆட்டம். அதன் முதல் விதிநூலில் பொருட்பட்டியல் ஒன்று உண்டு. 50 அடி கயிறு, 10 அடிக் கழி, இரும்பு முளைகள், தோல் முதுகுப்பை, தண்ணீர்ப்பை, தீப்பந்தங்கள், விளக்கு எண்ணெய், ஒரு வாரத்துக்கான உலர் உணவு. கோவேறு கழுதைக்கு விலை 20 தங்கக் காசு. சுமையை அந்த நூல் தங்கக் காசின் எடையாலேயே அளந்தது. 750 காசு எடை வரை வேக நடை; அதற்குமேல் ஏற ஏற நடை தளரும்; 3000தான் உச்சம்.

அந்த ஆட்டத்தில் அனுபவப் புள்ளி பெரும்பகுதி எதற்குக் கிடைத்தது என்பதைப் புதிதாக ஆட வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். அரக்கர்களைக் கொன்றதற்குக் கொஞ்சம்தான். நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. கொண்டுவந்து சேர்த்தால்தான் புள்ளி. கண்டுபிடித்தால் போதாது. கீழே குவியலாகக் கிடக்கும் தங்கத்தை யார் தூக்குவது, எதை விட்டுவிட்டு இதை எடுப்பது, கனத்தோடு நடக்கையில் பின்னால் ஏதாவது துரத்தி வந்தால் என்ன செய்வது என்பதே ஆட்டத்தின் உயிர். அடுத்து வந்த விதிநூல்களில் பத்துக் காசு ஒரு பவுண்டு என்று கணக்கு. மூவாயிரம் காசு என்றால் 300 பவுண்டு, ஏறத்தாழ 136 கிலோ. இரண்டு ஆள் எடை. வீரத்தை வாள் தீர்மானித்ததைவிட முதுகு அதிகமாகத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை. 1979இன் வழிகாட்டி நூலில் சுமைகூலிக்கும் பந்தம் பிடிக்கும் பையனுக்கும் நாள்கூலி ஒரு வெள்ளிக்காசு என்று வரி போட்டு எழுதியிருக்கிறது. சொற்பக் கூலிதான். ஆனால் எழுதியிருக்கிறது. சாஞ்சோ கேட்டும் கிடைக்காத வரி அது.

அதே காலத்தின் இன்னொரு வரியையும் சொல்லியாக வேண்டும். 1978இல் வந்த ஆடுபவர் கையேட்டில், போர்வீரனாக ஆடும் மனித ஆணின் வலிமை 18/00 என்ற உச்சம்வரை போகலாம். பெண்ணுக்கு 18/50 என்று வரம்பு கட்டியிருந்தார்கள். டிராகன் நெருப்புக் கக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட நூல், ஒரு பெண் இன்னும் கொஞ்சம் வலுவாக இருப்பாள் என்பதை ஏற்க மறுத்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். வலிமையில் பெண்ணுக்குக் குறைவாக எழுதிய கற்பனை உலகமே, சுமப்பதற்கு வந்தபோது லிடியாவை முன்னால் நிறுத்தியது. தூக்கும் திறன் குறைவு என்று சொல்லிக்கொண்டே தூக்கும் வேலையைத் தலையில் வைப்பது கற்பனை உலகத்துக்கு மட்டும் உரியதா என்ன?

அந்த மேசையாட்டத்துக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கையில் எடுத்து ஒரு பையை நிறைத்துப் பார்க்கலாம். அதில் சாகசப் பயணிக்கான பொதி என்று ஒன்று விற்கும். முதுகுப்பை 5 பவுண்டு. படுக்கைச் சுருள் 7. சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் 1. சக்கிமுக்கிப் பெட்டி 1. தீப்பந்தம் பத்து, ஆக 10. பத்து நாள் உணவு 20. நிரம்பிய தண்ணீர்ப்பை 5. ஐம்பதடிச் சணல்கயிறு 10. கூட்டினால் 59 பவுண்டு, ஏறக்குறைய 27 கிலோ. இதில் கவசமோ வாளோ கூடாரமோ சேரவில்லை. அந்நூலின் கடுமையான சுமை விதியை எடுத்துக்கொண்டால், சராசரி வலிமை 10 உடையவர் 50 பவுண்டைத் தாண்டினாலே சுமை ஏறியவர், நடை குறையும். ஆக ஒரு சாதாரண மனுஷி தன் சொந்தத் தேவைக்கான பொதியைத் தூக்கிய கணத்திலேயே தளர்ந்துவிடுகிறாள். இதற்கு மேல்தான் குழுவின் கூடாரம் 20 பவுண்டு, நால்வருக்கான உணவு, மாயக்காரரின் புத்தகங்கள் எல்லாம் வந்து ஏறுகின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் வேண்டும் என்கிறது அதே நூல். ஒரு கேலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல் நிற்கும். வறண்ட நிலத்தில் மூன்று நாள் நடக்க வேண்டுமென்றால் நால்வர் குழுவுக்குத் தண்ணீர் மட்டும் 100 பவுண்டு. பெரும்பாலான மேசைகளில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. போட்டால் சாகசம் வாசலைத் தாண்டாது என்கிறார்கள். போட்டால்தான் சாகசம் தொடங்குகிறது என்பது என் கட்சி.

நான் உட்கார்ந்து ஆடிய ஒரு மேசையில் அந்தக் கணக்கைப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். குள்ளர் இனத்துப் பூசாரியாக ஆடினார். கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருப்பார். இடப்பக்கம் யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல். வலப்பக்கம் பென்சிலால் எழுதிய உணவு, பந்தம், மருந்து எண்ணிக்கை, அழித்து அழித்துத் தாள் நைந்திருக்கும். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. யாரும் செய்யாததால் அவர் செய்தார். நிலவறையின் இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டு, இன்னும் ஒரு தளம் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் துடித்தபோது அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, ஒரே ஒரு ரூம்தானே, பாத்துட்டு வந்துரலாம்."

"ரூம் ஒண்ணுதான்ப்பா. பந்தம் மூணுதான் இருக்கு. கீழ வர்றதுக்கே நாலு எரிச்சிருக்கோம்."

பேச்சு அடங்கியது. இருட்டில் வழி தடவித் திரும்ப யாரும் தயாராக இல்லை. அன்றைக்கு மேலே ஏறினோம். மந்திரம் கற்றவர், வாள் சுழற்றுபவர், பூட்டுத் திறப்பவர் என்று மேசையில் எத்தனை பேர் இருந்தாலும் பயணம் இன்னும் எவ்வளவு நீளும் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. வழியை வரைபடத்தில் பார்க்கிறவருக்குத் தூரம் தெரியும். பையைத் தூக்குகிறவருக்குத்தான் அந்தத் தூரம் என்ன விலை கேட்கும் என்று தெரியும். இந்த அறிவு சுமப்பதால் மட்டுமே வருகிறது. குழுவில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கருத்தும் பெரும்பாலும் அந்த அறிவைக் கொண்டவருடையதாகவே இருக்கிறது.

உண்மையில் சுமப்பவர்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்று பார்ப்பது இங்கே உதவும். நேபாளத்தில் நாம்சே சந்தைக்குப் போகும் மலைப்பாதையில் பொதி சுமப்பவர்களை எடைபோட்டு நடந்த ஆய்வொன்று 2005இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்தார்கள். பெண்கள் 66 சதவீதம். சிலர் தம் எடைக்கு மேலேயே சுமந்தார்கள். நெற்றியில் பட்டை கட்டி முதுகில் கூடை தொங்க, கையில் குட்டையான ஊன்றுகோல். நிற்க வேண்டியபோது அந்தக் கோலையே கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே இளைப்பாறுகிறார்கள். மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள், நாள் முழுக்க நடக்கிறார்கள். நடையின் வேகத்தையும் நிற்கும் இடத்தையும் தீர்மானிப்பது அவர்களுடைய உடல். அந்தத் தீர்மானம் அவர்கள் கையில் இருப்பதால்தான் அவ்வளவு கனத்தை அவர்களால் கொண்டுபோக முடிகிறது. லிடியாவிடம் இல்லாதது இதுதான். ஆடுபவர் ஓடினால் ஓடுகிறாள், நின்றால் நிற்கிறாள், மலைச்சரிவில் குதித்தால் வழி தேடி வந்து சேர்கிறாள். நூறு எலும்பு ஏறினாலும் அவள் நடை தளர்வதில்லை. அந்த விளையாட்டில் சுமை தளரவைப்பது நாயகனை மட்டுமே. அவளுடைய அலுப்புக்குக் குரலில் மட்டும் இடம் உண்டு, கணக்கில் இல்லை.

சுமப்பவரின் அறிவைக் கதையின் நடுவில் வைத்தவர் டோல்கீன். அவர் அதை நூலகத்தில் கற்கவில்லை. முதல் உலகப் போரில், 1916 ஜூலை முதல் தேதி சோம் போர்முனையில் முன்னேறிய பிரிட்டிஷ் காலாட்படை வீரன் ஒவ்வொருவனும் சுமார் 60 பவுண்டு சுமந்துகொண்டு போனான். நாம் மேலே நிறைத்த சாகசப் பொதியின் எடையேதான். அதே மாதத்தில் லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவின் சமிக்ஞை அதிகாரியாக டோல்கீன் அந்தப் போர்முனைக்குப் போனார். நவம்பரில் பதுங்குகுழிக் காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பினார். அதிகாரிகளின் சாமான்களையும் அன்றாடத் தேவைகளையும் பார்த்துக்கொண்ட ஆர்டர்லிகளையும் சாதாரணச் சிப்பாய்களையும் அங்கே அவர் அறிந்தார். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலில், மோதிரத்தை அழிக்க மோர்டோரின் மலைக்குப் போகும் ஃப்ரோடோவின் ஏவலாளான சாம் காம்ஜியின் பாத்திரம் அவர்களுடைய பிரதிபலிப்பு என்றும், அவர்கள் தம்மைவிட மிக மேலானவர்கள் என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

சாம் முதன்முதலாகப் பொதியோடு நடக்கும் இடத்தில் ஒரு பொய் சொல்கிறான். தன் மூட்டை கனமில்லை, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள முடியும் என்கிறான். ஃப்ரோடோ அதை நம்பவில்லை. அடுத்த தடவை மூட்டை கட்டும்போது தான் பார்க்கப்போவதாகச் சொல்கிறான். இந்தச் சின்ன இடம் எனக்கு மிக வேண்டியது. சுமப்பவர் தன் சுமையைக் குறைத்துச் சொல்லுவார் என்பதும், கூட நடப்பவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதும் இரண்டு மூன்று வரிகளில் அங்கே இருக்கின்றன. கேட்டால் பரவாயில்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிட்டால் பயணத்தின் நியாயமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சாமின் மூட்டையில் சமையல் பாத்திரங்கள் இருக்கின்றன. சிறு டப்பியில் உப்பு இருக்கிறது. கயிறு எடுத்துவரவில்லையே என்று ரிவெண்டெலைவிட்டுக் கிளம்பும்போது வருந்துகிறான். லோத்லோரியனில் எல்ஃப்கள் கயிறு கொடுத்ததும் பூரித்துப்போகிறான். மோர்டோருக்குப் போகிற வழியில், பகைவர் நிலத்தின் ஓரத்தில், முயல்கறி சமைக்கிறான். பொதிக்குதிரை பில் கூட இருந்தவரை அதற்கும் பார்த்துப் பார்த்து ஏற்றினான். மோரியாவின் வாசலில் அதை அவிழ்த்துவிட நேர்ந்தபோது அவன் பட்ட துயரத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். கடைசியில் மோர்டோரின் நடுவே, இனி எதுவும் கூடாது, உயிரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும் என்ற நிலை வருகிறது. சாம் மூட்டையைப் பிரிக்கிறான். எது இனித் தேவை, எது தேவையில்லை என்று தானே பிரிக்கிறான். அவ்வளவு தூரம் தூக்கி வந்த பாத்திரங்களை நிலப்பிளவு ஒன்றில் போடுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவன் நெஞ்சை அறுக்கிறது. வீடு திரும்பிச் சமைப்போம் என்ற நம்பிக்கையையும் அவற்றோடு போட்டுவிட்டான் என்றே நான் வாசிக்கிறேன். அதற்குப் பிறகுதான், நடக்க முடியாமல் விழுந்த ஃப்ரோடோவை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த மலையில் ஏறுகிறான். பயந்த அளவு கனக்கவில்லையே என்று வியக்கிறான்.

அந்த நாவலில் மோதிரத்தைச் சுமப்பவன் ஃப்ரோடோ. ஆனால் எதைச் சுமப்பது, எதை விடுவது என்ற தீர்ப்பை ஒவ்வொரு கட்டத்திலும் சரியாகச் சொல்பவன் சாம். உப்பை எடுத்துக்கொண்டவனும் அவனே, பாத்திரத்தை வீசியவனும் அவனே. ஏவலாளாகத் தொடங்கியவன் நாயகனாக உயர்வது வாள் வீசிய இடத்தில் என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பில் அவன் உயர்வது மூட்டையைப் பிரித்த இடத்தில். தான் சுமப்பதைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் அங்கே முழுவதுமாக அவன் கைக்கு வந்துவிட்டது.

லிடியாவுக்கு அது வருவதில்லை. அவளுடைய முடிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகைவர் அடித்தால் மண்டியிட்டு ஒடுங்குவாள், சற்றுப் பொறுத்து எழுந்துவிடுவாள். அந்த நேரத்தில் ஆடுபவரின் அம்போ மந்திரத் தீயோ தவறி அவள்மேல் பட்டால் செத்துப்போவாள். செத்துப்போகும் லிடியாக்களில் பலர் தம் தலைவரின் கையாலேயே சாகிறார்கள். உடலருகே போய்ப் பொத்தானை அழுத்தினால் பட்டியல் திறக்கும். நாம் ஏற்றிவைத்த எலும்புகள், வாள்கள், உலோகத் துண்டுகள், பாலாடைக்கட்டிகள் வரிசையாக இருக்கும். உயிரோடு இருந்தவரை பண்டமாற்றில் நமக்குக் காட்டப்படாத அவளது சொந்த எஃகுக் கவசமும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும், எடையும் விலையும் குறித்து. எல்லாவற்றையும் எடுத்தால் நமக்கு அளவு தாண்டிவிடும். அதனால் அந்த உடலின்மேல் குனிந்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று நாம் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்கிறோம். அவளுக்கு ஒருநாளும் தராத அந்தத் தெரிவு அப்போதுதான் முதல்முறையாக நடக்கிறது. அதைச் செய்பவர்கள் நாம்.

எடை என்ற தொல்லையே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த உலகங்களில் ஒரு மாயப்பை உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அந்த 2014 விதிகளில் அந்தப் பைக்குள் 500 பவுண்டு வரை அடங்கும். என்ன போட்டாலும் பையின் எடை 15 பவுண்டுதான். கிழிந்தாலோ அளவு மிஞ்சினாலோ உள்ளே உள்ளதெல்லாம் வேறோர் உலகத்தில் சிதறிவிடும். சாகசக்காரர்கள் முதலில் ஆசைப்படும் பொருட்களில் அதுவும் ஒன்று. நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். அந்தப் பை கைக்கு வந்ததும் குழு இலகுவாகிறது என்பது உண்மை. கூடவே ஒரு பேச்சும் நின்றுபோகிறது. இதை யார் தூக்குவது, உனக்கு முடியுமா, நான் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்ற பேச்சு. ஒருவர் இன்னொருவரின் தோளைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் அவை. ரியோகோ குய் 2014 முதல் 2023 வரை வரைந்த டெலிசியஸ் இன் டஞ்சன் மங்கா தொடரை ஏன் அவ்வளவு பேர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள் என்று யோசித்தால், காரணம் இதற்கு அருகில்தான் இருக்கிறது. பசியால் தளர்ந்த குழு சிவப்பு டிராகனிடம் தோற்கிறது. ஒருத்தியை டிராகன் விழுங்கிவிடுகிறது. மற்றவர்கள் சாமான்களையெல்லாம் நிலவறையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து விழுகிறார்கள். அவளை மீட்க, உணவு வாங்கக்கூடக் காசில்லாமல் மறுபடி இறங்குகிறார்கள். அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்பதிலிருந்து கதை முழுதும் விரிகிறது. உணவு கிடைக்காத உடல் தோற்கும் என்று ஒப்புக்கொண்ட கதை அது. அந்த ஒப்புதலால்தான் அதில் ஒருவர் மற்றவருக்குச் சோறு பரிமாறும் காட்சிகளெல்லாம் வீரச்செயல்களின் கனத்தைப் பெறுகின்றன.

தமிழிலும் இப்போது இளைஞர்கள் இத்தகைய உலகங்களைப் படைக்க வருகிறார்கள். மேசையாட்டம் நடத்துகிறார்கள், விளையாட்டு எழுதுகிறார்கள், மாயக்கதைகள் எழுதுகிறார்கள். அவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. குழுவில் பொதி சுமப்பவளுக்குப் பங்கு எழுதுங்கள். கொண்டுவந்து சேர்த்ததில் அவள் உழைப்பு இருக்கிறது. அவள் உடல் தளர்வதை எழுதுங்கள், தளர்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து. இவை இரண்டையும்விட முக்கியம், எதை எடுத்துக்கொள்வது, எங்கே திரும்புவது என்று குழு முடிவெடுக்கும் இடத்தில் அவளுக்கு முதல் சொல்லைக் கொடுங்கள். அவள் இரக்கத்துக்கு உரியவள் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. பயணத்தின் நிலவரம் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும் என்பதற்காகக் கேட்கிறேன். அவள் சொல்லைக் கேட்ட குழு பல சமயம் புதையலை எட்டாமல் திரும்பும். அப்படித் திரும்பிய குழுதான் மறுநாள் போதிய பந்தங்களோடு, ஆள் குறையாமல், மீண்டும் இறங்கும்.